கடலை வெந்திருந்தால்

2003 ஜனவரி 12, ஞாயிறு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு எழுத்து குடம் போல இருக்கிறது, அடுத்தது குன்றிமணி போல இருக்கிறது. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் வரிகள் எல்லாம் கடற்கரைப் பக்கமாகச் சரிகின்றன. எழுபது வயதுக்கு மேல் எழுதப் பழகிய கை இது. அதிலும் காலமெல்லாம் காபிக் கோப்பை கழுவிய கை.

என் பெயர் சன்னாசி. இதை நானே எழுதினேன். இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன். சன்னாசி. நன்றாக இருக்கிறது.

பிறந்தது தொண்டிக்குத் தெற்கே. கப்பலில் அடுப்படி வேலைக்கு ஏறினேன். இந்தச் சைப்பிரஸ் தீவில், லார்னகா துறைமுகத்தில், காய்ச்சலோடு என்னை இறக்கிவிட்டார்கள். காய்ச்சல் விட்டபோது கப்பல் போயிருந்தது. இருந்துவிட்டேன். ஒரு காபிக்கடையில் வேலை, கடைக்குப் பின்னால் அறை; கடை பிற்பாடு ஹம்பிஸ் கைக்கு வந்தது.

எழுத்துச் சொல்லித் தருகிறவள் தவராணி. சாவகச்சேரிப் பெண். இங்கே ஒரு வக்கீல் வீட்டில் வேலை செய்கிறாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை. போன வருடம் காபி குடிக்க வந்தவள், நான் கையைச் சுட்டுக்கொண்டு தமிழில் திட்டியதைக் கேட்டுக் கோப்பையை நழுவவிட்டாள். அப்படிப் பழக்கம். வாரம் ஒரு பக்கம் நான் எழுத வேண்டும், அவள் திருத்துவாள்.

"எதைப் பத்தி எழுதட்டும் தாயி?"

"மனசில கிடக்கிறதை எழுதுங்கோ ஐயா."

"அதை நீ வாசிப்பியே."

"அப்ப மனசில பாதியை எழுதுங்கோ."

2003 ஜனவரி 19, ஞாயிறு

கடையில் மாலையானால் ஒரு விளையாட்டு உண்டு. பகடை உருட்டிக்கொண்டே யாராவது "அப்படி மட்டும் நடந்திருந்தால்" என்று தொடங்குவார்கள். இந்தத் தீவு இரண்டாகாமல் இருக்க என்ன நடந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆட்டம்.

தவராணிக்காக விவரம் எழுதுகிறேன். இங்கே கிரேக்கரும் துருக்கியரும் ஒரே தெருவில் இருந்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகு சண்டை மூண்டது. 1974இல் கிரேக்கப் பட்டாளத்துக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அடுத்த சில நாளில் துருக்கிப் பட்டாளம் வடக்கே கரையிறங்கியது. குறுக்கே முள்வேலி விழுந்தது. வடக்கே இருந்த கிரேக்கர்கள் கட்டிய துணியோடு தெற்கே ஓடி வந்தார்கள். தெற்கே இருந்த துருக்கியர்களை அடுத்த வருடம் பேருந்துகளில் ஏற்றி வடக்கே கொண்டுபோனார்கள். நாங்கள் இருப்பது தெற்கு. நான் கிரேக்கனும் இல்லை, துருக்கியனும் இல்லை என்பதால் என்னை யாரும் எதிலும் ஏற்றவில்லை.

ஹம்பிஸ் வடக்கிலிருந்து ஓடி வந்தவர். இன்று அவர் சொன்னார்: "ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பின கர்னலோட ஜீப்பு அன்னைக்குப் பஞ்சராகி நின்னிருக்கணும்."

நான் கோப்பை கழுவும் இடத்திலிருந்து, "பட்டாளத்துக்குக் காலைச் சாப்பாடு வந்து சேராம இருந்திருந்தாலும் போதும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "டேய் சானி, நீ கோப்பையைக் கழுவு. அரசியலை நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஹம்பிஸ். இவர்கள் வாயில் என் பெயர் சானி.

சரி. என் ஆட்டத்தை நான் தாளில் ஆடிக்கொள்கிறேன்.

2003 பிப்ரவரி 2, ஞாயிறு

முதல் ஆட்டம்.

தலைநகரம் நிகோசியாவை முதலில் பிரித்தது ஒரு பச்சைப் பென்சில் என்பார்கள். சண்டையை நிறுத்த வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி வரைபடத்தை மேசைமேல் விரித்து, பச்சைப் பென்சிலால் கோடு போட்டாராம். அந்தப் பென்சிலின் முனை பாதியில் ஒடிந்திருந்தால்?

அதிகாரி முனை சீவக் கத்தி கேட்கிறார். சமையல்காரன் அடுப்படியிலிருந்து கத்தி கொண்டுவருகிறான். கத்தியில் வெங்காய வாடை. அதிகாரிக்குப் பசி வருகிறது. ஆட்டுக்கறியும் ரொட்டியும் தின்கிறார். தின்றவர் தூங்குகிறார். எழுந்து பார்க்கும்போது காற்று வரைபடத்தைக் கொண்டுபோய்விட்டது. எங்கே விட்டோம் என்று அவருக்கு நினைவில்லை. மாலையாகிறது. லார்னகாவில் எங்கள் தெருவில் வழக்கம் போல எமெத்தே ஜன்னலைத் திறக்கிறாள்.

தவராணி இரண்டு பிழை திருத்தினாள். "எமெத்தே ஆர் ஐயா?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி என்றேன். பிழைகளைத் திரும்ப எழுதப் போய்விட்டேன்.

2003 பிப்ரவரி 9, ஞாயிறு

மழை. கூரை ஒழுகுகிறது. தவராணி வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

2003 பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டாவது ஆட்டம்.

நாடு சுதந்திரம் பெற்றபோது எல்லோரையும் எண்ணினார்கள். கிரேக்கர் பக்கமா, துருக்கியர் பக்கமா என்று இரண்டே கட்டம். எண்ண வந்தவர் என்னைக் கண்டதும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தால்?

முதலில் அதில் நான் மட்டும் இருப்பேன். பிறகு இந்தப் பக்கம் பெண்ணெடுத்து அந்தப் பக்கம் பெண் கொடுத்தவர்கள் வருவார்கள். அப்புறம் இரண்டு பக்கமும் மீன் விற்கிறவர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துச் சண்டை போடுகிறவர்கள். சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு வருடத்தில் மூன்றாவது கட்டம் பிதுங்கிவிடும். அதன் தலைவனாக என்னைப் பிடித்து நிறுத்துவார்கள். நான் காபி போட வேண்டியிருக்கிறது என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். மாலையில் எமெத்தே ஜன்னலைத் திறப்பாள்.

எழுதி முடித்துவிட்டு நானே வாசித்து நானே சிரித்தேன். என் எழுத்தை நானே வாசித்துச் சிரிக்கிற சுகம் இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

தவராணி சிரிக்கவில்லை. "ஐயா, பிரச்சினை நாட்டுக்கு. கதை மட்டும் ஏன் ஒவ்வொருக்காவும் ஒரே ஜன்னலில முடியுது?"

"வேற தெரு எனக்குத் தெரியாது தாயி."

"ஓமோம்" என்றாள். அந்த ஓமோமை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

2003 மார்ச் 2, ஞாயிறு

எமெத்தே யார் என்று எழுதிவிட்டால் தவராணி கேட்பதை நிறுத்துவாள்.

துருக்கிக்காரி. கணவனைப் பறிகொடுத்தவள். கடைக்கு எதிரே, இப்போது ஆந்த்ரூல்லா குடியிருக்கும் வீடு அவளுடையது. ஆந்த்ரூல்லாவும் ஹம்பிஸைப் போல வடக்கிலிருந்து வந்தவள்தான். அவளுடைய சொந்த வீடு வடக்கே ஃபமகுஸ்தா ஊரில், பட்டாள வேலிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அரசாங்கம் இந்த வீட்டைக் கொடுத்தது.

எமெத்தே முலுகியா என்றொரு கீரை சமைப்பாள். கொழகொழவென்று இருக்கும். முதல் முறை நீல விளிம்பு வைத்த எனாமல் கிண்ணத்தில் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அடுப்படியில் வேலை பார்த்தவனுக்கு வேறென்ன வரும், கிண்ணத்தைக் கழுவிக் கொஞ்சம் கொண்டைக்கடலைச் சுண்டல் போட்டுத் திருப்பினேன். தொண்டியில் என் ஆத்தா எந்தப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. சர்க்கரை ஒரு சிட்டிகையாவது போட்டுத்தான் கொடுக்கும். எமெத்தே கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, "உங்க ஊர்லயுமா?" என்றாள். இங்கேயும் அதே வழக்கம்.

அதனால் அந்தக் கிண்ணம் நிற்கவே இல்லை. அவள் கொடுப்பாள், நான் திருப்புவேன், சும்மா திருப்ப முடியாததால் அவள் மறுபடி கொடுப்பாள். பல வருடம். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி.

2003 மார்ச் 11, செவ்வாய்

தீவைச் சேர்த்துவைக்க வெளிநாட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முறிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. கடையில் யாரும் பகடை உருட்டவில்லை. கோப்பைகள் எல்லாம் பாதி குடித்தபடி திரும்பி வந்தன.

2003 மார்ச் 16, ஞாயிறு

மூன்றாவது ஆட்டம். ஒருவன் ஒருத்தியிடம் ஒரு கேள்வியை நேரத்தில் கேட்டிருந்தால்

(இதற்கு மேல் எழுதியதை அடித்துவிட்டேன். தவராணி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நன்றாக அழுத்தித்தான் அடித்திருக்கிறேன்.)

2003 மார்ச் 30, ஞாயிறு

நாலாவது ஆட்டம். இதுதான் என் ஆட்டங்களில் சிறந்தது.

துருக்கியர்களை வடக்கே அனுப்பிய நாள். கிண்ணம் என்னிடம் இருந்தது. முந்தின நாள் கீரை வந்திருந்தது. மத்தியானம்தான் பேருந்து என்றார்கள். நான் கடலை ஊறப்போட்டிருந்தேன். பழைய கடலை, கல் மாதிரி. விடிந்ததும் அடுப்பில் ஏற்றினேன். பேருந்து காலையிலேயே வந்துவிட்டது. கடலையை நசுக்கிப் பார்க்கிறேன், நசுங்கவில்லை. வெறுங்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எப்படி ஓடுவது? இன்னும் ஒரு கொதி என்று குனிந்து அடுப்பை ஊதினேன். நிமிர்ந்தபோது வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடலை வெந்திருந்தால்?

கிண்ணத்தோடு ஓடுகிறேன். வண்டியில் எல்லோருக்கும் மணக்கிறது. ஓட்டுநர் ஒரு வாய் கேட்கிறார். காவலுக்கு வந்த ஐநா சிப்பாய் கேட்கிறான். வழியனுப்ப வந்த கிரேக்கர்களும் கை நீட்டுகிறார்கள். தின்றவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்ப முடியாதே. ஒருத்தி ஒலிவக்காய் கொண்டுவருகிறாள். இன்னொருத்தி பாலாடைக்கட்டி. வாங்கியவர்கள் இறங்கிப் போய்த் தங்கள் வீட்டிலிருந்து எதையோ எடுத்துவருகிறார்கள். பொழுது சாய்கிறது. வண்டி காலியாக நிற்கிறது.

மாலையில் எமெத்தே

தவராணி வாசித்துவிட்டுப் பேனாவை மூடினாள். பிழை ஒன்றும் திருத்தவில்லை.

"அந்தக் கிண்ணம் எங்க ஐயா?"

அலமாரியைக் காட்டினேன்.

2003 ஏப்ரல் 6, ஞாயிறு

"உன் தீவுக்கும் ஒன்று எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன். என்னிடம் இப்போது நிறைய யோசனை இருக்கிறது.

தவராணி தாளை என் பக்கம் தள்ளினாள். "வேண்டாம் ஐயா. உங்கட விளையாட்டு முடிஞ்ச கதைக்குத்தான் சரிவரும். எங்கட இன்னும் முடியேல்ல. போன வருசம்தான் பாதை திறந்தவை. அம்மா ஓமந்தைச் சாவடியில ஒரு நாள் முழுக்க வரிசையில நிண்டு, தன்ர தங்கச்சியை அங்க கண்டவ. இனி என்ன நடக்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

பாதை திறந்ததா என்று கேட்டேன். சும்மா ஒரு நாள் திறந்துவிட்டார்களா?

"சும்மா ஒரு நாள்."

கொடுத்துவைத்தவர்கள்.

2003 ஏப்ரல் 23, புதன்

திறந்துவிட்டார்கள்.

சும்மா ஒரு நாள். நிகோசியாவில் வேலியில் ஒரு வாசலைத் துருக்கிப் பக்கம் திறந்துவிட்டது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகலாம், அன்றைக்கே திரும்ப வேண்டும். வானொலியில் கேட்டபோது என் கையில் இருந்த கோப்பை உடைந்தது. ஹம்பிஸ் திட்டவில்லை. அவரும் ஒன்றைப் போட்டு உடைத்திருந்தார்.

இன்று எழுத்து இன்னும் கோணல்.

2003 ஏப்ரல் 25, வெள்ளி

ஹம்பிஸ் போக மாட்டாராம். "என் ஊருக்குப் போக நான் எவன்கிட்டடா அட்டை காட்டணும்? வெக்கமா இல்ல?" என்று கத்தினார். கத்திவிட்டு, "நீ போய்ட்டு வா சானி. வழியில என் ஊர்ப் பெயர்ப்பலகை தெரியும். இருக்கா பாத்துட்டு வா" என்றார்.

ஆந்த்ரூல்லாவும் போகவில்லை. அவள் தெருவைச் சுற்றிய வேலி அப்படியேதான் இருக்கிறதாம். "போய் வெளியே நின்னு பாக்கிறதுக்கு, இங்கயே இருந்து நெனச்சுக்கலாம்" என்றாள்.

எமெத்தே வடக்கே மார்ஃபூ பக்கம் ஆரஞ்சுத் தோட்ட ஊரில் இருக்கிறாள் என்று எப்போதோ ஒரு மீன் வியாபாரி சொன்னான். உயிரோடு இருக்கிறாளா என்று அவனுக்கும் தெரியாது. அப்போது கேட்டது போதும் என்றிருந்தது.

தவராணி வேலைக்கு நடுவில் ஓடி வந்து புத்தி சொல்லிவிட்டுப் போனாள்: "தண்ணிப் போத்தல், விசுக்கோத்து, குடை கொண்டு போங்கோ. முன்னுக்கு நிக்கிற ஆளோட சண்டை பிடிக்காதேங்கோ. நீங்கள் ஒதுங்கப் போனா அவர்தான் உங்கட இடத்தை வைச்சிருப்பார். சாவடிக்காரன் ஒண்டு கேட்டா ஒண்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ."

"கடலை?"

"நாளைக்கே அவிச்சு வையுங்கோ!"

2003 ஏப்ரல் 28, திங்கள்

நேற்று ஈஸ்டர். கடை இல்லை. முதல் பேருந்தில் போனேன்.

வரிசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முன்னால் நின்றவர் தாமிரச் சாவி ஒன்றைக் கையில் பிடித்திருந்தார், தன் பழைய வீட்டுச் சாவியாம். தவராணி சொன்னபடி அவரோடு சண்டை போடவில்லை. வாசல் ஒரு தெருவின் அகலம்தான். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரிசை, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரிசை. கை நீட்டினால் தொட்டுவிடலாம். நான் யாரையும் பார்க்கவில்லை. மூடி இல்லாத கிண்ணம், துணியால்தான் கட்டியிருந்தேன். கடலை சிந்திவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பக்கம் ஒரு வேன் ஏற்றிக்கொண்டது. ஹம்பிஸின் ஊர்ப் பலகை இருக்கிறது. பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள். ஆரஞ்சுப் பூ வாசனை வழி முழுக்க.

ஊரில் இறங்கி எமெத்தே என்று கேட்டதும் ஒரு வீட்டைக் காட்டினார்கள். பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்தார். வந்தவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கிரேக்கத்தில் கத்தினார்: "ஏய் மாலுமி! நீ இன்னும் சாகலையா?" ஒரு காலத்தில் எங்கள் தெருவில் செருப்புத் தைத்தவர்.

"நீயும்தான் சாகல. எமெத்தே எங்க?"

"எங்கயா? லார்னகாவுக்குப் போயிட்டாடா! காலையிலயே, கைத்தடியைத் தட்டிக்கிட்டு. உன்னைப் பாக்கத்தான்!"

அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணீர் வருகிற சிரிப்பு. கிண்ணத்தைக் கடலையோடு அவரிடம் கொடுத்து, அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறேன், அவளை வீட்டிலேயே இருக்கச் சொல் என்று சொல்லிவிட்டு ஓட்டமாகத் திரும்பினேன். திரும்பும் வரிசையும் நீளம். லார்னகா வந்தபோது அவள் போயிருந்தாள்.

ஆந்த்ரூல்லா வாசலில் காத்திருந்தாள். "வீட்டைக் கேக்க வந்திருக்கான்னு நெனச்சேன் சானி. வாசல்லயே நின்னா. கடைசியில அவ கேட்டது என்ன தெரியுமா? சமையக்கட்டுக் கதவு இன்னும் மாட்டிக்குதான்னு. தினமும் உதைச்சுத்தான் திறக்கறேன்னேன். உள்ள வந்து அவளும் ஒரு உதை உதைச்சா. அப்புறம் ரெண்டு பேரும் காபி குடிச்சோம். உன் அறை வாசல்ல சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா."

என்னிடம் ஒரு பாத்திரத்தைக் கொடுத்தாள். முலுகியா.

"அடுத்த ஞாயிறு மறுபடி வர்றாளாம். உன்னை எங்கயும் போகாம இருக்கச் சொன்னா."

நான் ஆடிய ஆட்டங்களில் எல்லாம் அவள் ஜன்னலோடு நின்றாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவள் வேலியைத் தாண்டி வருவாள் என்று ஒரு தடவைகூட எழுதவில்லையே.

கீரையை இன்று காலை சாப்பிட்டேன். உப்பு சற்றுக் கூடுதல். முன்பும் அப்படித்தான்.

2003 மே 3, சனி

இந்த வாரம் முழுக்க ஒரே குழப்பம். வடக்குக்கும் தெற்குக்கும் தொலைபேசி இணைப்பு இல்லை. நான் வருவேன், நீ இரு என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் வருவேன், நீ இரு என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அவளும் என்னைப் போலத்தான், யார் சொன்னாலும் கேட்பாள், கேட்காமலும் இருப்பாள். கடையில் இதுதான் இப்போது விளையாட்டு. ஹம்பிஸ் நான் இருக்க வேண்டும் என்கிறார். ஆந்த்ரூல்லா போ என்கிறாள். பகடை உருட்டியும் பார்த்துவிட்டார்கள்.

இன்று தவராணி வக்கீல் வீட்டுக்கு ரொட்டி வாங்கும் சாக்கில் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் போனா ரெண்டு வீடும் பூட்டு. ரெண்டு பேரும் இருந்தா ரெண்டு வீட்டிலயும் காவல். ஐயா, அவ எதால வந்தவ?"

"நிகோசியா வாசல் வழியாத்தான். அங்கேருந்து நடந்து வர்றவங்களுக்கு வேற வழி ஏது."

"நீங்கள் எதால போனீங்கள்?"

"அதே வாசல்."

"பேந்தென்ன? ஓமந்தையில அம்மாவும் சித்தியும் ஒருத்தரை ஒருத்தர் தேடி அலையேல்ல. சாவடியடியிலதான் நிண்டவை. போறவையும் வாறவையும் அதாலதானே போகவேணும். விடிய முதல் பஸ்ஸில போய் அங்க நில்லுங்கோ. அவ வந்தா நீங்கள் காண்பீங்கள். வராட்டி, பத்து மணிக்குப் பிறகு நீங்கள் உள்ள போங்கோ, அவ வீட்டில இருப்பா. ஒண்டு மட்டும். இந்தமுறை பாத்திரத்தைப் பாக்காதேங்கோ. ஆக்களைப் பாருங்கோ."

ஹம்பிஸ் மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துவைத்திருக்கிறார். நாற்காலியை வெளியே போட்டுத்தான் உட்கார வேண்டுமாம், இரண்டு சாவடிக்கும் நடுவே, கோட்டின்மேல் போட்டால் ஐநா சிப்பாய் எழுப்பிவிடுவானாம்.

எத்தனை ஆட்டத்தில் அந்தக் கோட்டை அழித்தேன்! பென்சிலை ஒடித்தேன், கட்டம் போட்டேன், பேருந்தைக் காலியாக்கினேன். நாளைக்கு அதன் ஓரத்தில்தான் போய் உட்காரப்போகிறேன்.

கடலையை இன்று மத்தியானமே வேகவைத்துவிட்டேன். விரலால் நசுக்கிப் பார்த்தேன். மாவாக நசுங்குகிறது. அவளுடைய புதுப் பாத்திரத்துக்கு மூடி இருக்கிறது. இறுக்கமாக மூடியாயிற்று.

கிளம்பும்போது தவராணி, "மார்ச் மாசம் ஒரு வரி அடிச்சனீங்களே ஐயா. அது என்னெண்டு சொல்லுங்கோவன்" என்றாள்.

முதலில் கேட்க வேண்டியவளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

பேனாவில் மை போட்டு வைத்திருக்கிறேன். அந்த வரியை அடுத்த வாரம் அடிக்காமல் எழுதுகிறேன், அதற்கு என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து.